ஊசி டப்பாவுக்கு வெச்ச பொட்டு

என்னங்க,

இதைத் தறி மேலயே வெச்சிட்டுப் போறேன். வேற எங்க வெச்சாலும் உங்க கண்ணுல படாது.

ஆயுத பூசையன்னிக்கு தறிக்கும் நாடாவுக்கும் பொட்டு வெச்ச கையோட, நம்ம இலக்கியாவோட அலர்ஜி ஊசி டப்பாவுக்கும் வெச்சீங்களே. "இதுவும் ஆயுதந்தான்"னு பெருமை வேற. காலையில அந்தக் குங்குமத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அதுக்கு அடியிலதான் மருந்து முடியற தேதி இருக்குது. போன மாசமே முடிஞ்சிடுச்சு.

பழைய சீட்டுக்கு ஊசி தர முடியாதுன்னு மெடிக்கல்ல சொல்லிட்டாங்க. புதுச் சீட்டு வாங்க வேலூர் டாக்டர்கிட்ட போறேன். நான் வர்ற வரைக்கும் வீட்டுல மருந்து இல்ல.

சாயங்காலம் சந்தவாசல்ல இருந்து உங்க அக்கா வராங்க. வேர்க்கடலை இல்லாம வர மாட்டாங்க. "ஒரு கடலை தின்னா புள்ளைக்கு என்னா ஆயிடும்"னு கேட்டா, போன தடவை மாதிரி சிரிச்சிகினு நிக்காதீங்க. பையை வாசல்லயே வாங்கிப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

அவ உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ, தறியை அப்படியே போட்டுட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுங்க. எனக்கு அப்புறம் போன் பண்ணலாம்.

ரசம் அடுப்பு மேல இருக்குது. நேத்து சண்டையில நீங்க சாப்பிடல, இன்னிக்காவது சாப்பிடுங்க.

சுபா

புது ஊசிக்கும் பொட்டு வைங்க, வேணாங்கல. தேதி இல்லாத பக்கமாப் பார்த்து வைங்க.