மேல்காட்டு மரம்

குண்டசாலை
4.2.1934

மரியாதைக்குரிய மஹ்ரூப் நானாவுக்குத் தங்கச்சியின் ஸலாம்.

நானும் மகள் பாயிஸாவும் சுகம். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகு கொடுப்பதற்காக எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் காட்டை நீங்கள் குத்தகைக்கு எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வெட்டுங்கள், அது உங்கள் தொழில். ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். நாங்கள் குடிக்கும் ஓடை அங்கேதான் தொடங்குகிறது. பாயிஸாவின் வாப்பா மௌத்தாகி நான் தனியான பிறகு உங்களிடம் நான் கேட்கும் முதல் காரியம் இது.

உங்கள் தங்கச்சி
றம்லத்


கண்டி
11.2.1934

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் பார்த்துச் சிரித்தேன். தண்ணீர் வானத்திலிருந்து வருகிறதா, மரத்திலிருந்து வருகிறதா? இருந்தாலும் கேட்டது நீ. ஊற்றடியில் கோடாரி படாது, இது என் வாக்கு. மருமகளுக்கு மஸ்கற் அனுப்பியிருக்கிறேன். ஒரே நாளில் தின்றுவிடப் போகிறாள், பார்த்துக்கொள்.

பிரியமுள்ள நானா
மஹ்ரூப்


குண்டசாலை
2.9.1934

நானாவுக்கு,

ஊற்றடி மரங்களும் போய்விட்டன. உங்கள் கங்காணியைக் கேட்டேன். "மொதலாளிதாம்மா ஒண்ணுகூட விடாதேன்னாரு" என்றான். மிஞ்சிய கிளைகளை எரித்த புகை பதினைந்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

முன்பெல்லாம் காடு மழையைக் குடித்து வைத்திருந்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இந்த மே மாதம் பெய்த கொஞ்ச மழையும் செம்மண்ணோடு அன்றைக்கே ஓடிப்போனது. விடியற்காலையில் மரங்களின் மேல் எழும் மூடுபனியும் இப்போது இல்லை. ஓடையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதெல்லாம் கொசு. உங்கள் மேல் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

றம்லத்


கண்டி
20.9.1934

றம்லத்துக்கு,

நாடு முழுக்க மழை இல்லை. அதுவும் என் கோடாரியின் வேலையா? அந்தக் காட்டில் பருத்த மரங்கள் இருந்ததே ஊற்றடியில்தான். அவற்றை விட்டுவைக்க எனக்கென்ன பைத்தியமா? நீ அழாமல் இருக்க வேண்டும் என்றுதான் அன்று வாக்குக் கொடுத்தேன். அங்கே இருக்க முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையோடு இங்கே வா. சமையலுக்கு ஆள் தேவைப்படுகிறது.

மஹ்ரூப்


குண்டசாலை
14.12.1934

மஹ்ரூப் முதலாளிக்கு,

நாடு முழுக்க மழை இல்லைதான். ஆனால் பக்கத்துக் குன்றில் யாரும் காட்டை வெட்டவில்லை. அங்கிருந்து வரும் ஓடை இன்றைக்கும் கணுக்காலளவு ஓடுகிறது. அந்தப் பக்கம் குளிர்காய்ச்சலும் குறைவு. இங்கே வீட்டுக்கு வீடு படுத்துக்கிடக்கிறார்கள்.

பாயிஸாவுக்கும் வந்தது. கொயினா மருந்து கொடுத்துப் பார்த்தோம். மருந்து கொடுத்த அப்போதிக்கரி யாழ்ப்பாணத்து மனிதர். "குட்டைத் தண்ணிக் கொசுவால வந்த காய்ச்சல், பிள்ளை. பிந்திப்போச்சு" என்றார். திங்கட்கிழமை காலையில் மௌத்தானாள்.

சொல்லியனுப்பினேன். நீங்கள் வரவில்லை. கபுறுக் குழியை மூட உங்கள் வண்டியில் ஏழு பலகைகள் வந்தன. நல்ல வைரமான மரம். ஊற்றடியில் நின்றதுதான் என்று வண்டிக்காரன் பெருமையாகச் சொன்னான். அவற்றை உள்ளே வைக்க நான் விடவில்லை. கமுகு பிளந்து மூடினோம்.

பலகைகளை அதே வண்டியில் திருப்பி அனுப்பினேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாலு பலகை போதும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஏழும் பெரிய ஆளுக்குத்தான் சரியாக இருக்கும். விற்றுவிடாமல் உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிஸாவின் உம்மா