மேற்கு வரிசைத் தொப்பிகள்

ஹார்ட்ஃபோர்ட்,
1958 செப்டம்பர் 14

அன்பு மகள் வேராவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நியூயார்க்கில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? காபியிலேயே காலத்தை ஓட்டாதே.

நீ வரைந்த கண்ணாடிக் கட்டடத்துக்கு எங்கள் காப்பீட்டு அலுவலகம் இந்தக் கோடையில் குடிவந்துவிட்டது. டைப்பிஸ்டுகள் எல்லோரும் ஒரே பெரிய கூடத்தில். ஆரஞ்சு நிற நாற்காலி, இடுப்புக்கு எவ்வளவு இதம் தெரியுமா? பழைய இடத்தில் காலடியில் எலி ஓடும். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது பெருமையில் அந்தக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரே தொல்லை மேற்கு வெயில். மதியத்துக்கு மேல் நேராகக் கண்ணில் குத்துகிறது. சாலையிலிருந்து பார்க்கக் கட்டடம் சீராகத் தெரிய வேண்டுமாம், எல்லா ஜன்னல் திரையும் ஒரே உயரத்தில்தான் நிற்க வேண்டுமாம். நீ போட்ட விதிதான். மேலாளர் கார்மடி திரைக் கயிற்றுக்குப் பூட்டுப் போடாத குறை.

பக்கத்து மேசை பெர்னிஸின் வாயை உனக்குத் தெரியாது. "இதை வரைஞ்ச மகராசி ஒரு நாளாவது டைப் அடிச்சிருப்பாளாடி?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "சின்னப் பொண்ணா இருப்பா, விடுடி" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவள் சர்ச்சுக்குப் போடும் அகலத் தொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். "திரைக்குத்தானே சட்டம், தொப்பிக்கு இல்லையே" என்றாள். இப்போது மேற்கு வரிசை முழுக்கத் தொப்பிதான். இறகு செருகியது, செர்ரிப் பழம் வைத்தது என்று, கல்யாண வீடு தோற்றது போ.

வெள்ளிக்கிழமை கார்மடி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருகிறார்களாம். "வியாழக்கிழமை மிஸ் ஹட்சனே வர்றாங்க. அவங்க கழட்டச் சொன்னா கழட்டணும். முடியாதவங்க கீழ ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க, அங்க வெயிலே கிடையாது" என்றார்.

மிஸ் ஹட்சன் என் மகள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஹுடாக் என்ற பெயரை நீ ஹட்சன் ஆக்கியதில் எனக்கு வருத்தம்தான். அப்பாவை அடக்கம் செய்த பிறகு நீ வீட்டுப் பக்கமே வராதது அதைவிட வருத்தம். ஆனால் அத்தனை ஆண்கள் நடுவில் ஒற்றைப் பெண்ணாக நின்று பேர் வாங்குவது லேசில்லை, அது எனக்குப் புரிகிறது. அதனால் அங்கே என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம்.

என் கண் இந்த வெயிலைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, ஜன்னலே இல்லாத அந்தக் கீழ் அறைக்குப் போய்விடுகிறேன். சொல்வதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய். நாலு மணிக்கு என் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்.

அன்று மாலைக்கு, இறைச்சி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் செய்து வைக்கிறேன். வந்தால் சூடாகச் சாப்பிடலாம்.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். ஜன்னலோரம் மூன்றாவது மேசை நான். அப்பா மீன் பிடிக்கப் போகும்போது போடும் அந்த வைக்கோல் தொப்பியைத்தான் போட்டிருப்பேன். நீ தேட வேண்டியிருக்காது.

உன் வழி பார்க்கும் அம்மா,
லுத்மிலா ஹுடாக்