நாற்பது சென்டிமீட்டர் பொறி

அன்பு மகளுக்கு,

நலம் விசாரித்தால் உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரியும். ஆனாலும் நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

என் அழைப்பை நீ எடுப்பதில்லை. நேற்று அம்மா பேசியபோதும், "அப்பா சொல்லிக் குடுத்தாரா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் வந்துவிடும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். "இந்தத் தடவையாவது என் தம்பியைத் திட்டாம எழுதுங்க" என்று அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். முயல்கிறேன்.

நீ அவளுக்கு எழுதியதைப் படித்தேன். அவளைக் கோபிக்காதே. அறிவியல் கூடத்தில் உன் மாமா கட்டியிருக்கும் மின்பொறி கக்கும் புது டெஸ்லா சுருளைக் கால் பங்குத் திறனில் ஓட்டிப் பார்த்தீர்கள். உச்சியிலுள்ள கம்பி முனையிலிருந்து நாற்பது சென்டிமீட்டருக்குப் பொறி பாய்ந்தது. சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் வோல்ட் என்று பெருக்கிப் பன்னிரண்டு லட்சம் என்றான் மாமா. இந்தச் சுருள் எட்டக்கூடிய உச்சமே அதுதான், இனி முழுத் திறன் கொடுத்தாலும் பொறி ஒரு விரற்கடைகூட நீளாது என்று முடிவுகட்டிவிட்டான். எண்பது சென்டிமீட்டரில் மஞ்சள் கோடு போட்டு, வெள்ளிக்கிழமை விருந்தினர் முன்னால், சுருளருகே கம்பியில்லாமலே எரியும் குழல் விளக்கைக் கையில் கொடுத்து உன்னை அங்கே நிறுத்தப் போகிறான்.

அந்தக் கணக்கு தப்பு. முப்பதாயிரம் என்பது வழவழப்பான இரண்டு உருண்டைகளுக்கு நடுவே, சிறிய இடைவெளியில், ஒரே முறை பாயும் பொறிக்கு. கூர்முனையில் அப்படியல்ல. நொடிக்கு நூறு முறை பாயும்போது, முந்தைய பொறி சூடாக்கிவிட்டுப் போன தடத்திலேயே அடுத்தது ஏறி இன்னும் தூரம் போகும். நாற்பது சென்டிமீட்டருக்கு மூன்று லட்சமே போதும். சுருள் உச்சத்தை எட்டவே இல்லை. திறன் நான்கு மடங்கானால் பொறி ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். எண்பது. உன் கோடு. விளக்கை நீட்டினாயானால் பொறி அதற்கும் முன்னாலேயே உன்னை எட்டிவிடும்.

பழைய வன்மத்தில் சொல்கிறேன் என்று நினைப்பாய். வன்மம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். என் ஆராய்ச்சி நோட்டை எடுத்துக்கொண்டு போய், அதை வைத்தே அவன் அந்தக் கூடத்துக்கு இயக்குநரானான். இருபது வருடமாக வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன். "உங்களுக்குப் போனது ஒரு நோட்டு. எங்களுக்கு ஒரு நாளும் நிம்மதியா சாப்பாடு இறங்கலை" என்று நீ மாமாவிடம் வேலைக்குக் கிளம்பிய அன்று சொன்னாய்.

ஆனால் அந்த முப்பதாயிரம் என் நோட்டில் இருப்பது. என் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு. உருண்டைகளுக்கு மட்டும் என்று எழுதாமல் விட்டவன் நான். அவன் என்னை நம்பித்தான் பெருக்கியிருக்கிறான்.

என் பெயரைச் சொன்னால், "மச்சானுக்கு வேற வேலையில்ல" என்று சிரித்துவிடுவான். நீயே கண்டுபிடித்ததாகச் சொல். எல்லோரும் தூரத்துச் சுவரோரம் நின்றுகொண்டு, பாதித் திறனில் ஒரு தடவை ஓட்டச் சொல். பொறி ஐம்பதைத் தாண்டும். அவன் கணக்குப்படி தாண்டவே கூடாது. நோட்டு தன்னுடையது என்று அவன் சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடு. நானும் இனி மறுக்க மாட்டேன்.

கோட்டை மூன்று மீட்டருக்குத் தள்ளச் சொல். தள்ளாவிட்டால் மேடை ஏறாதே, வேலை போனால் போகட்டும். எல்லாம் முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல். போனை நான் வாங்க மாட்டேன். பக்கத்து அறையில் இருப்பேன்.

அப்பா