முதல் உள்ளூர்க்காரருக்கு ஒரு பன்றித்தொடை

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஜிப்சம் மேடு வரை ஒன்பது கிலோமீட்டர். வெயில் ஏற்கெனவே இருபத்தெட்டு டிகிரி. எட்டாவது கிலோமீட்டரில் வலது காலணியின் அடிப்பாகம் கழன்று விழுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வழியில் புது மருந்துக்கடைக்காரியைப் பார்த்தேன். இட்சியார் என்று பெயர், ஸ்பெயினின் வடக்கே பாம்ப்லோனாக்காரி. வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வறண்ட ஆற்றின் மணலில், மேட்டுப் பக்கமாக, போனில் பேசிக்கொண்டே ஓடிவந்தாள். நான் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். அவள் “காலை வணக்கம்” சொன்னாள். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. காலணியை ஆட்டிக் காட்டினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

முழங்கால் தைலம் வாங்கப் போனேன். உண்மையில் வேவு பார்க்கத்தான்.

“இங்க ஓட்டப்பந்தயம் ஒண்ணு இருக்காமே?” என்றாள்.

“இருக்கு. சின்னது. தூசி ஜாஸ்தி. தேள் உண்டு.”

“எவ்வளவு தூரம்?”

“இருபத்தொண்ணு. ஆனா இருபத்தாறு மாதிரி இருக்கும்.”

“ஆஹா!” என்றாள், கண் மின்ன.

தைலம் சரியில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

எனக்காகவே எழுதி வைக்கிறேன், மனசு தெளியட்டும். எங்கள் ஊர்ப் பந்தயத்துக்கு வெளியூரிலிருந்து இருநூறு பேர் வருகிறார்கள். முதல் பரிசெல்லாம் அவர்களுக்கு. ஆனால் உள்ளூர்க்காரர்களில் முதலில் வருகிறவருக்கு ஊராட்சி தனியாக ஒரு முழுப் பன்றித்தொடை கொடுக்கும். உப்பில் உலர்த்தியது, குளம்போடு. நான்கு வருடமாக அது என் வீட்டு உத்தரத்தில்தான் தொங்குகிறது. ஓடுகிற உள்ளூர்க்காரர்கள் இருவர்தான் என்பதை நான் மறைக்கவில்லை. ஒருவன் நான். இன்னொருவன் பால்தொமெரோ, எங்கள் மேயர், மதுக்கடைக்காரன், நூற்றுப்பத்து கிலோ. அவன் ஓடுவதில்லை, கைத்தடியோடு நடந்து கடைசியில் வருவான்.

உள்ளூர்க்காரர் என்றால் ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இட்சியார் பாம்ப்லோனாவில் பதிந்தவள். ஆகவே கவலை இல்லை. கவலையே இல்லை.

கவலை இல்லை என்று இரண்டு முறை எழுதுவானேன்?

செப்டம்பர் 30, செவ்வாய்

மோசமான நாள்.

பதிவேட்டில் நூறு பேர் சேர்ந்தால் டாக்டரை வாரத்துக்கு இரண்டு நாள் கேட்டு வாங்கலாம் என்று பால்தொமெரோவுக்கு ஒரு கணக்கு. இட்சியாரைக் கெஞ்சிப் பெயர் பதியச் சம்மதிக்க வைத்துவிட்டான், துரோகி. அதோடு நிற்காமல் பதிவேட்டை அச்சடித்து வந்து தன் மதுக்கடை மேசையில் விரித்து விரலால் எண்ணினான். தொண்ணூற்றெட்டு. திரும்ப எண்ணினான். பிறகு என்னைப் பார்த்தான்.

“டேய் இண்டலேசியோ, உன் பேரு எங்கடா?”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். செத்துப்போன செராபியோ பேரு கூட இருக்கு. உன்னுது இல்ல.”

காப்பி இயந்திரம் சீறியது. பால்தொமெரோவின் முகத்தில் வெளிச்சம் மெல்ல ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

“அப்படின்னா நாலு வருஷமா... முதல் உள்ளூர்க்காரன்...” தன் நெஞ்சில் கைவைத்தான். “நானாடா?”

அதே நாள், மாலை

வீட்டில் கஸில்தாவிடம் கேட்டேன். ரசீது, பத்திரம், அரசாங்கக் காகிதம் எல்லாம் அவள் பொறுப்பு.

“ஆமா, நாம இன்னும் அல்மெரியா நகரத்திலதான் பதிஞ்சிருக்கோம்” என்றாள், வெங்காயம் நறுக்கியபடி.

“இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு, கஸில்தா!”

“மாத்தினா அங்க பழைய வீட்டு வாசல்ல வண்டி நிறுத்துற அட்டை போயிடும். அரசெலி எங்க நிறுத்துவா?”

அரசெலி எங்கள் மகள். அந்த வீட்டில் இப்போது அவள்தான் இருக்கிறாள். அவளுடைய கார் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு பொம்மை. அதை நிறுத்துவதற்காக நான் பதினோரு வருடமாக இந்த ஊரில் அந்நியன்.

அக்டோபர் 3, வெள்ளி

மதுக்கடையில் புதிதாக ஒரு பலகை: ‘பால்தொமெரோ, நான்கு முறை உள்ளூர்ச் சாம்பியன்’. கீழே அவன் கைத்தடி மாட்டியிருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். பதியப் போகிறேன். அரசெலி போனில் மூன்று நிமிடம் கத்தினாள். கத்தட்டும். பந்தயப் பட்டியல் 31-ஆம் தேதி மூடுகிறது. அதற்குள் பதிந்திருந்தால் போதும். ஊராட்சிச் செயலர் எங்கள் ஊருக்குச் செவ்வாய்தோறும் மட்டுமே வருவார். மின்கட்டண ரசீதோடு போனேன். அது கஸில்தாவின் பெயரில் இருந்தது. வீட்டுப் பத்திரம் வேண்டுமாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்திரம் கொண்டுபோனேன். செயலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இது கல்லறை மாடத்துக்கான பத்திரம்” என்றார். “மூணாம் வரிசை, ஏழாம் எண். அங்க குடி போக இப்ப என்ன அவசரம்?”

இது மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்தொமெரோ எனக்குக் காப்பியோடு இரங்கலும் சொன்னான்.

அக்டோபர் 21, செவ்வாய்

சரியான பத்திரம். செயலர் வரவில்லை. பல்வலி.

அக்டோபர் 28, செவ்வாய்

எட்டு மாதமாக ஒரு சொட்டு இல்லை. இன்று காலை நான்கு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. ஆறு வந்துவிட்டது. நாங்கள் ஓடுகிற, ஆடு மேய்கிற, கார் நிறுத்துகிற அந்த மணலில் காப்பி நிறத் தண்ணீர், ஒரு குளிர்பதனப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறது. சாலை அறுந்தது. செயலரால் வர முடியவில்லை. ஊரே கரையில் நின்று கைதட்டியது. நான் மட்டும் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அக்டோபர் 30, வியாழன்

இதை முழுதாக எழுத வேண்டும்.

வியாழக்கிழமைகளில் செயலர் பக்கத்து ஊரான கஸ்திரெஹோவில் இருப்பார், ஒரு மணி வரை. எங்கள் ஊர்ப் பதிவேடும் அவருடைய கணினியில்தான். சாலை இன்னும் சேறு. ஆனால் மேடுகள் வழியாக, கிழக்கே, பதினேழு கிலோமீட்டர். பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வயிற்றில் கட்டிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினேன். ஊர் எல்லையில் இட்சியார் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றிலும் ஒரு பை.

“நீங்களும் பதியவா? நல்லதாப் போச்சு, எனக்கு வழி தெரியாது.”

“தொடைக்காகவாம்மா?”

“பின்ன? பாம்ப்லோனாவில நான் நாற்பதாவதா வருவேன். ஒரு வாட்டியாவது எதையாவது தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்.”

முதல் ஆறு கிலோமீட்டரும் இப்படித்தான்: அவள் பறந்துபோய்ப் பாதை பிரிகிற இடத்தில் நிற்பாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் “இடது” என்பேன், மறுபடி பறப்பாள். எனக்காகக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு தைம் மூலிகைச் செடியை முகர்ந்துகொண்டிருப்பாள். அது இன்னும் எரிச்சல்.

பழைய சுரங்கத்துக்குப் பிரிகிற இடம். ஒரு மணிக்குள் அவள் போய்ச் சேராவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் தொடை என்னுடையது. இவ்வளவையும் நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது:

“வலது.”

போய்விட்டாள். நான் இடது பக்கம் இருநூறு மீட்டர் ஓடினேன். இருநூற்றைம்பது. சே! ஐம்பத்தாறு வயசு, சொட்டுநீர்க் குழாய் போடுறவன், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷன், ஒரு பன்னிக் காலுக்காக ஒரு பொண்ணைச் சுரங்கப் பக்கம் அனுப்புறதா? திரும்பி ஓடினேன். கத்தினேன். அவள் எப்போதோ மலை மடிப்பில் மறைந்திருந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு பாறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

“தப்பா... சொல்லிட்டேன்...”

“தெரியும். கஸ்திரெஹோ கிழக்கேன்னா வெயில் முகத்தில அடிக்கணும். இந்தப் பாதை வளைஞ்சதும் முதுகில அடிச்சுது.”

“தெரிஞ்சுமா போன?”

“நீங்க எவ்வளவு தூரம் போய்த் திரும்புவீங்கன்னு பாக்கணும்ல?” கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நானூறு மீட்டர்ல திரும்புவீங்கன்னு நினைச்சேன். அதைவிடச் சீக்கிரம்தான் திரும்பியிருக்கீங்க. இந்தாங்க, பழம்.”

பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்கு ஊராட்சி வாசலில் நின்றோம். இடுப்பு வரை சேறு. செயலர் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு எங்களை. இட்சியார் தொண்ணூற்றொன்பது, நான் நூறு. என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுக் கேட்டார்:

“இந்த வாட்டி வீட்டுக்குத்தானே?”

நவம்பர் 16, ஞாயிறு

பந்தயம். இட்சியார் பெண்களில் மூன்றாவது, உள்ளூரில் முதல். நான் அவளுக்குப் பதினோரு நிமிடம் பின்னால், உள்ளூரில் இரண்டாவது. நான்கு வருடத்தில் இதுதான் என் மிகச் சிறந்த நேரம். பால்தொமெரோ நாலு மணி நாற்பது நிமிடத்தில் மூன்றாவதாக வந்து, கடுமையான போட்டி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தான்.

தொடையை அவள் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். நல்ல தொடை. போன வருடத்ததைவிடப் பெரியது. பார்த்ததும் தெரிந்தது.

நவம்பர் 17, திங்கள்

உத்தரத்தில் கொக்கி சும்மா இருக்கிறது. கஸில்தா அதில் பூண்டு மாட்டினாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

இட்சியார் தொடையை மருந்துக்கடையின் பின்னறையில் வைத்திருக்கிறாளாம். ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு. இந்த ஊரில் இவ்வளவு பேருக்கு ரத்த அழுத்தம் இருப்பது யாருக்கும் தெரியாது. வரிசை தேவாலயம் வரை நிற்கிறது. நான் போகப் போவதில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

போனேன். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு.

“உப்பைக் குறைங்க” என்றாள். பின்னறைக்குப் போய் ஒரு துண்டு கொண்டுவந்தாள்.

துண்டா அது? செங்கல். எட்டிப் பார்த்தேன். தொடையைத் தலைகீழாக மாட்டி, ரொட்டி வெட்டுகிற கத்தியால் எலும்புக்குக் குறுக்கே அறுத்திருக்கிறாள். பள்ளம் பள்ளமாக, மழையில் கரைந்த மேடு போல.

“என்ன, நல்லா இல்லையா?”

“கத்தியைக் கீழ வைம்மா” என்றேன். “மெதுவா. அப்படியே வை.”

டிசம்பர் 12, வெள்ளி

இப்போது செவ்வாயும் வெள்ளியும் நான்தான் அறுக்கிறேன். நீளக் கத்தி வீட்டிலிருந்து கொண்டுபோனது. இட்சியார் பட்டையைக் கட்டி அளக்கிறாள், எண்ணைச் சத்தமாகச் சொல்கிறாள். நான் தட்டை நீட்டுகிறேன்.

இன்று பால்தொமெரோ வந்தான். நூற்றெழுபது. மூன்று துண்டு கேட்டான். நாலு வருடத் தொடை நான் அவனுக்குப் பாக்கி என்றான். நாலு வைத்தேன், மெல்லியதாக, தட்டின் நீலப் பூ தெரிகிற மாதிரி.

“நல்லா அறுக்கறடா” என்றான், வாயில் போட்டபடி. பிறகு வரிசையில் பின்னால் நின்ற வெளியூர் லாரிக்காரரைப் பார்த்துச் சொன்னான்:

“இவன் எங்க ஊரு.”

லாரிக்காரர் தலையாட்டினார். அவருக்கும் ஒரு துண்டு அறுத்தேன்.

நாளை காலை எட்டுக்கு இட்சியாரோடு பதினான்கு கிலோமீட்டர். குளிர் நான்கு டிகிரி என்கிறார்கள்.