சிக்கு விழாத நாள்

பொட்டிபுரம்
6.4.2025

போடி யூனுஸ் பாய் அவர்களுக்கு,

பொட்டிபுரம் ஜீப் டிரைவர் மகாராஜன் வீட்டுக்காரி ரோஜா எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். உங்களுக்குக் காது கேட்காது, போன் போட்டால் உங்கள் வீட்டு சுரையா அக்கா எடுத்து உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்று காய்கறிக்கார மாயக்காள் சொன்னாள். எனக்கும் போன் தோதுப்படாது. வீட்டுக்கு ஒரே போன், அது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. நான் பேசப்போவதோ அவரைப் பற்றி. அதனால்தான் மாயக்காளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். தினமும் போடி மார்க்கெட்டுக்கு வருகிறவள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நம்பிக்கையானவள்.

மறைக்காமல் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் குடித்தவர். மாசியில் இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, விட்டுவிட்டு வந்திருக்கிறார். அங்கே டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பகல்ல பயமில்ல. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் அவரு கைக்கு ஒரு சோலி குடு" என்றார். இவர் விடியக்காலையில் போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய், நாலரைக்கு இறக்கிவிட்டு வருகிறவர். அதற்குப் பிறகு உள்ள அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் குடும்பத்தை இத்தனை வருடம் தின்றது.

இப்போது பத்து நாளாகக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, ரப்பர் தவளையை வீசி விரால் பிடிக்கும் ஆட்களை வேடிக்கை பார்க்கிறார். "நீங்களும் பிடிக்கிறதுதான?" என்றேன். "கையப் பாத்தியா" என்று நீட்டினார். நடுங்குகிறது. டீ டம்ளரைப் பிடித்தாலே தளும்புகிறது.

உங்கள் தூண்டில் கடையில் அந்தக் கைக்கு எந்த ராடு, எந்த ரீல் சரிப்படும்? பெரிய சாமான் வேண்டாம், விளையாட்டுச் சாமானும் வேண்டாம். நாலு பேர் நிற்கிற கரையில் அவர் அவமானப்படாமல் வீச வேண்டும். கண்மாய்க் குத்தகைக்காரர் காசிமாயன் மாமாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "விராலத்தான? நான் விடுற குஞ்செல்லாம் திங்கிறதே அதுதான். எம்புட்டு வேணாலும் பிடிக்கச் சொல்லு, கெண்டையத் தொடாம இருந்தாச் சரி" என்றார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ம. ரோஜா


போடிநாயக்கனூர்
8.4.2025

தங்கச்சி ரோஜாவுக்கு யூனுஸ் எழுதுவது. இறைவன் உன் வீட்டுக்கு நல்லதையே தரட்டும்.

உன் கடிதம் கீரைக் கட்டுக்குள் வந்தது, ஓரத்தில் கொஞ்சம் ஈரம். சுரையாவும் படித்தாள். "ஒரு பொம்பள புருசனுக்குத் தூண்டி தேடுறா. நீங்க முப்பது வருசத்துல எனக்கு ஒரு கரண்டி தேடியிருக்கீங்களா?" என்று என் நோட்டில் எழுதிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடையில் அந்த நோட்டுதான் எனக்குக் காது. திட்டுகிறவர்களும் அதில் எழுதித்தான் திட்ட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ரீலில் இரண்டு சாதி. ஒன்று ஸ்பின்னிங். அதில் நூல் சுற்றிய உருளை அசையாது, வீசினால் நூல் தானாக உருவிக்கொண்டு போகும். இன்னொன்று பெய்ட்காஸ்டர். அதில் வீசும்போது உருளையே சுழலும், கட்டை விரலால் தொட்டுத் தொட்டு அடக்க வேண்டும். விரல் கொஞ்சம் தப்பினால் உருளை முந்தி ஓடி, நூல் குருவிக்கூடு மாதிரி சிக்காகிவிடும். கரையில் நிற்கிற ஆட்கள் எல்லாம் அதைத்தான் வைத்திருப்பார்கள், பார்க்க மிடுக்காக இருக்கும். உன் வீட்டுக்காரருக்கு இப்போது அது வேண்டாம். ஸ்பின்னிங் ரீல் கை நடுக்கத்தைக் கண்டுகொள்ளாது.

ராடு ஆறரை அடி. நுனி வளைய வேண்டும், அடி வளையக் கூடாது. விரால் கடித்ததும் அல்லிக் கொடிக்குள் ஓடும். அடி வளைந்தால் மீனும் போச்சு, தவளையும் போச்சு. நூல் பின்னல் நூல். தவளை இரண்டு அனுப்புகிறேன், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. முள் இரண்டும் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. எந்த நிறம் நல்லது என்று கேட்காதே. நிறம் மீனுக்கு அல்ல, வாங்குகிற மனுசனுக்கு.

பெட்டியில் ஒரு மீன் படம் இருக்கும். அது பாஸ் என்று அமெரிக்காக்காரன் மீன், இந்தச் சாமானெல்லாம் அதற்காகச் செய்தது. நம் விராலுக்கும் அதே குணம்தான், செடிக்குள் ஒளிந்திருந்து மேலே தவளை போனால் பாயும். பாய்ந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுக்கச் சொல். பொறுமைக்கு அதைவிட நல்ல மருந்து டாக்டரிடமும் இல்லை.

அண்ணன்,
யூனுஸ்


பொட்டிபுரம்
4.5.2025

அன்புள்ள யூனுஸ் அண்ணனுக்கு,

தங்கை ரோஜா. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். சுரையா அக்கா கேட்கிற கரண்டியை முதலில் வாங்கிக் கொடுங்கள்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. தவளையைப் புளியமரத்தில் மாட்டினார், அடுத்தவர் சட்டையில் மாட்டினார். ஒன்பதாம் நாள் ஒன்றரைக் கிலோ விராலோடு வந்தார். ஈரக் கால்சட்டையோடு தெருவில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தார் அண்ணே. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மகள் பவதாரணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தப் பிள்ளை சாயங்காலமானால் அவர் பக்கத்தில் போகாது. இதை எழுதும்போதே கண் நிறைகிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது கை நடுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது. "எல்லாரும் பெய்ட்காஸ்டர் வச்சிருக்கான், நான் மட்டும் பொம்பளப் பிள்ள ரீல வச்சிருக்கேன்" என்கிறார். வாங்கலாமா?

இன்னொன்று. என் பயம் இன்னும் போகவில்லை. இங்கே மூக்கை நம்ப முடியாது. தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள் சட்டையெல்லாம் ஏலக்காய் மணம், வாயிலும் அதுவே. குடித்த காலத்திலும் அவரிடம் ஏலக்காய்தான் மணந்தது. திரும்பவும் தொட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

தங்கை,
ரோஜா


போடிநாயக்கனூர்
7.5.2025

தங்கச்சிக்கு,

விரால் குழம்பை எழுதிக் காட்டினால் போதுமா? மாயக்காள் கூடையில் ஒரு தூக்குவாளிக்கு இடம் இல்லையா?

பெய்ட்காஸ்டர் இத்துடன் வருகிறது. ஏழு அடி ராடு, கொஞ்சம் முரடானது. கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இருபது தரம் வீசிப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறேன், ஒரு சிக்கு விழவில்லை.

நீ கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்த ரீல் கையைக் காட்டிக்கொடுக்கும். கை நிதானமாக இருந்தால் நூல் அழகாகப் போய் அழகாகத் திரும்பும். கை தடுமாறினால் சிக்கு. அவர் வந்ததும் ரீல் மூடியைக் கழற்றிப் பார். நூல் சுத்தமாக இருந்தால் மனுசனும் சுத்தம். மூக்கு ஏமாறும், நூல் ஏமாறாது.

அண்ணன்,
யூனுஸ்


தேவாரம்
14.7.2025

அண்ணே,

தேவாரத்தில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன், தபாலில் போடுகிறேன். இரண்டு மாதமாக நூல் சுத்தம் என்று நிம்மதியாக இருந்தேன். போன வியாழன் ஒரு சிக்கு. வெள்ளி இரண்டு. சனிக்கிழமை ரீல் முழுக்கக் குருவிக்கூடு. வாசலில் உட்கார்ந்து ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சீங்களா?" என்றேன்.

"இல்ல" என்றார். அவ்வளவுதான். தலை நிமிரவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. பவதாரணியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இனித் திரும்பிப் போவதாக இல்லை. பதினோரு வருடம் போதும். நீங்கள் சொன்ன வழியில்தான் கண்டுபிடித்தேன், அதற்கும் நன்றி.

ரோஜா


போடிநாயக்கனூர்
19.7.2025

தங்கச்சி ரோஜாவுக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரை எந்த முடிவும் எடுக்காதே.

உன் கடிதத்தை வீட்டில் காட்டினேன். "நீங்க சொல்லித்தான அவ போயிட்டா? நீங்களே போய்ப் பாருங்க" என்று சுரையா எழுதினாள். நேற்று ஜும்மா முடிந்ததும் அதே மாதிரி ரீல் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உங்கள் கண்மாய்க் கரையில் ஏறி நின்றதும் தலைக்குல்லா பறந்துவிட்டது. ஆடிக் காற்று. போடிமெட்டுக் கணவாய் வழியாக இறங்கி நேரே முகத்தில் அடிக்கிறது. கரை கிழக்கே, தண்ணீர் மேற்கே. வீசினால் காற்றுக்கு எதிரே வீச வேண்டும். தவளையைக் காற்று பிடித்து நிறுத்துகிறது, உருளை மட்டும் நிற்காமல் சுழல்கிறது. பத்துத் தரம் வீசினேன். எட்டுத் தரம் குருவிக்கூடு. ஆயுசில் ஒரு சொட்டுக் குடிக்காத கை அம்மா இது.

நான் ரீல் சோதிப்பது கடைச் சந்தில். இரண்டு பக்கமும் சுவர், காற்று நுழையாது. முப்பது வருடம் தூண்டில் விற்றவன், காற்றை மறந்துவிட்டு உனக்குச் சட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் அங்கேதான் தனியாக உட்கார்ந்திருந்தார், ராடு இல்லாமல். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நம் கடிதங்கள் உட்பட. என்னை ஒரு அடி அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் என் நோட்டை வாங்கி எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்:

"காத்துன்னு எனக்குத் தெரியும் பாய். சொல்லத்தான் வாய் எடுத்தேன். பதினோரு வருசம் நான் சொன்ன சாக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். இதையும் ஒரு சாக்குன்னுதான நெனப்பா? அதான் இல்லன்னு மட்டும் சொன்னேன். அவ மேல குத்தம் இல்ல."

குற்றம் என்னுடையது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆடி முடியும்வரை பழைய ஸ்பின்னிங் ரீலையே வீசச் சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன்,
யூனுஸ்


பொட்டிபுரம்
3.8.2025

அன்புள்ள யூனுஸ் அண்ணனுக்கு,

தங்கை ரோஜா எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பஸ்சில் யோசித்துக்கொண்டு வந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோய் "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டேன். "பருப்பு வெந்திருக்கு, நீ உக்காரு" என்றார். பவதாரணி என்னை முந்திக்கொண்டு உள்ளே போய்த் தட்டெடுத்து வைத்தாள்.

நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கக் கூடாது. தான் சொன்னது தப்போ என்று பஸ் ஏறி வந்து, வேகாத வெயிலில் வீசிப் பார்த்து, ஆமாம் என் தப்புதான் என்று ஒப்புக்கொண்ட ஒரு ஆம்பளையை நான் இதுவரை பார்த்ததில்லை. உடன்பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. இனி அந்தக் குறையும் இல்லை.

இன்றைக்கு நடந்ததை உங்களுக்குத்தான் எழுத வேண்டும். மத்தியானம் தொட்டியடியில் சாம்பல் போட்டு விரால் உரசிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வைகாசில காசிராசன் ஜீப்பு கவுந்துச்சுல்ல? அன்னைக்குக் குடிச்சேன் ரோஜா."

காசிராஜன் இவரோடு வண்டி ஓட்டுகிறவர். மெட்டு ரோட்டு வளைவில் ஜீப்புக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டவரை இவர்தான் இழுத்தெடுத்து, மடியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலமும் கண்மாய்க்குப் போனார். வந்ததும் ரீல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நூல் அப்போதுதான் கடையில் சுற்றியது போல இருந்தது. இவ்வளவு பெரிய கண்டத்தையும் குடிக்காமல் தாண்டிவிட்டார் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

"அன்னைக்கு ஒரு சிக்குகூட இல்லையே" என்றேன்.

"குடிச்சவன் கை நடுங்காது. குடிக்காதப்பத்தான் நடுங்கும். அந்த ரத்தத்தப் பாத்ததுல இருந்து நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. குடிச்சேன், நின்னுருச்சு. நீ தேங்கா ஒடச்சுக் குடுத்த, எனக்குத் தொண்டைல எறங்கல. அதுக்கப்புறம் தொடல."

அண்ணே, நீங்களும் குடித்ததில்லை, நானும் குடித்ததில்லை. நாம் இரண்டு பேரும் கூடி ஒரு சட்டம் போட்டோம், அது தலைகீழாகப் போயிற்று.

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மீனைக் கல்லில் அறைந்துவிட்டு எழுந்து போனேன். கொல்லையில் மூன்று சுற்றுச் சுற்றினேன், அழுதேன். திரும்பி வந்தபோது அந்த மீனை அவர் உரசிக்கொண்டிருந்தார். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் கையோடு அதைப் பிடித்துக்கொண்டேன்.

இனி ரீல் மூடியைக் கழற்ற மாட்டேன். இந்தப் பதினோரு வருடத்தில் அவர் குடித்ததை நான் ஆயிரம் தடவை கண்டுபிடித்திருப்பேன். சட்டைப்பையைத் துழாவி, நடையைப் பார்த்து, ஊரார் சொல்லக் கேட்டு. ஒருநாளும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்கு என்னிடம் ஒரு தடயமும் இல்லை. நான் கேட்கவும் இல்லை அண்ணே. அவராகச் சொன்னார்.

உங்கள் தங்கை,
ரோஜா மகாராஜன்