பனிச்சறுக்கு வாரத்துச் சாக்கடை

பிப்ரவரி 10

இந்த ஊருக்குக் கொகெய்னை முதலில் கொண்டுவந்தது யார்? நகராட்சி உறுப்பினர் ஹெர்லோஃப் இன்று கேட்டார். தெரியாது என்றேன். இருபது வருடமாக இதைத்தான் ஆராய்கிறேன், இப்போதும் தெரியாது. சளி மாதிரிதான், கூடிப் பழகுபவர்களிடையே பரவும். முதலில் தும்மியவரை எவரும் நினைவில் வைப்பதில்லை.

அவருக்குத் தெரியுமாம். கால்வாயோரத்து இளைஞர் மன்றம்தான் ஊற்றுக்கண். மூடிவிடலாம், அதற்கு முன் அறிவியல் ஆதாரம் வேண்டும். ஆகவே ஊர்ச் சாக்கடையை நான் அளக்க வேண்டும். உள்ளே போனது சிறுநீரில் வந்துதானே ஆக வேண்டும்.

பிப்ரவரி 18

சாதாரண வாரத்து அளவு எடுத்தாயிற்று. அதிகம்தான். ஒப்பிட இன்னொரு வாரத்தை ஹெர்லோஃபே தேர்ந்தெடுத்தார்: பள்ளி விடுமுறை. "பசங்க வேலவெட்டி இல்லாம சுத்துற வாரம், டாக்டர். அப்பத்தான் ஆட்டம் எகிறும், பாருங்க."

இளைஞர் மன்றத்தை நடத்தும் ஃபென்னாவிடம் சொன்னேன். "சைக்கிள் பஞ்சர் ஒட்டவே என்கிட்ட காசு கேக்குதுங்க, டாக்டரம்மா. இதுல கொகெய்னா? மூடிட்டா அதுங்க எங்க போகும்?"

அடுத்த வாரத்துக்கான மாதிரிக் குப்பிகளை எண்ணி வைத்தேன்.

பிப்ரவரி 25

ஊர் பாதி காலி. கார் கூரையில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு வசதியுள்ளவர்கள் ஆல்ப்ஸுக்குப் போய்விட்டார்கள், ஹெர்லோஃப் உட்பட. மன்றத்தில் மட்டும் மேசைப்பந்துச் சத்தம்.

மார்ச் 2

விடுமுறை வாரத்து அளவு வந்தது. பாதிக்கும் கீழே. கருவி கெட்டுவிட்டதோ? மறுபடி ஓட்டினேன். ஊரில் மிஞ்சியிருந்த தலைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். அப்போதும் பாதிக்கும் கீழேதான்.

ஆல்ப்ஸின் ஆஸ்திரியப் பள்ளத்தாக்கில் இதே வேலை பார்க்கும் தோழியிடமிருந்து ஒரு வரி: போன வாரம் எங்க சாக்கடையில அளவு எகிறிடுச்சு, உங்க ஊர்க்காரங்க நல்லா வந்து சேர்ந்தாங்க போலிருக்கே.

மார்ச் 3

நாளை நகராட்சிக் கூட்டம். எண்ணைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வதுதான் என் பழக்கம். வெறும் எண்ணைக் குடுத்தா அந்த ஹெர்லோஃப் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாதா — மூடப்போறோம்னதுமே பயலுக அடங்கிட்டாங்கம்பான். கைதட்டுவாங்க. வாயைத் திறப்பேனா?

மார்ச் 4

அப்படியேதான் சொன்னார். முகம் மலைவெயிலில் சிவந்து, பனிக்கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து. கைதட்டினார்கள்.

எழுந்தேன். பிள்ளைகள் ஊரில்தான் இருந்தார்கள், இல்லாதது பெரியவர்கள் என்றேன். சந்தேகமிருந்தால் தெருவாரியாகவும் அளந்து தரலாம் என்று சேர்த்துக்கொண்டேன்.

இளைஞர் மன்றத்தை மூடும் தீர்மானம் விவாதமின்றித் திரும்பப் பெறப்பட்டது. அடுத்தது ஏகமனதாக நிறைவேறியது: குடிமக்களின் அந்தரங்கம் கருதி, ஊர்ச் சாக்கடையை இனி யாரும் அளக்கக் கூடாது.

மிச்சமிருந்த புதுக் குப்பிகளை ஃபென்னா கேட்டாள், பிள்ளைகள் பெயின்ட் கரைக்க. பெட்டியோடு கொடுத்துவிட்டு வந்தேன்.