தங்கச்சிக்கு ட்ரான்ஸ்பர்

மச்சான், இண்டைக்குப் பின்னேரம் காலி வீதியில் பேக்கரியைத் தாண்டி வரும்போது மீன் ரோல்ஸ் பொரிக்கிற மணம் மூக்கில் அடித்தது. வெள்ளவத்தையில் இந்த மணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது உம்முடைய ப்ளாட்தான். லிஃப்ட் பழுதான நாள். படியேறி மூச்சு வாங்கிய டீச்சர்மார், கையில் ரோல்ஸ் பெட்டி. அவர்களுக்கு நடுவில் முகம் வெளிறிப்போய் நீர்.

இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். முதலில் சொன்னபோது நாலைந்து டீச்சர்மார்தான் வந்தார்கள். இப்போது ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டால் கல்வி அமைச்சரும் வருவார் மச்சான்" என்று நீர் சிரித்திருப்பீர். வரட்டுமே. நடந்த கதைதானே, கொஞ்சம் சதை வைத்தால் என்ன?

உமக்கும் என் தங்கச்சிக்கும் கலியாணமாகி வருசங்கள் போயும் பிள்ளை இல்லை. உம்முடைய அம்மா, அதுதான் என் மாமி, கோயில் நேர்த்தி, வெள்ளிக்கிழமை விரதம் எல்லாவற்றையும் தங்கச்சியின் தலையிலேயே கட்டினா. "மருமகளுக்கு உடம்பில சூடு" என்று போகிற வீடெல்லாம் சொன்னா. டொக்டரிடம் காட்டினபோது குறை உம்மில் என்று வந்தது. விந்தில் அணுக்கள் குறைவாம், இருக்கிறதுகளும் நீந்தாதாம். தங்கச்சி அதை வெளியில் விடவில்லை. "அவருக்கு வெக்கமாப் போயிடும் அண்ணா" என்று, மலடி என்ற பேரைத் தானே வைத்துக்கொண்டா. நீர் ஒரு சொல்லுக்கு மூன்று தரம் யோசிக்கிற மனுசன். யோசித்துக்கொண்டே இருந்தீர்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு ஹார்ட்வெயார் கடை வைத்தவன். டெஸ்ட் டியூப் பேபி என்றால் பிள்ளை போத்தலுக்குள் வளரும் என்றுதான் நினைத்திருந்தேன். உங்களோடு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது டொக்டர் படம் கீறிக் காட்டினார். மனிசியின் முட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் புருசனின் அணு ஒன்றை ஊசியால் ஏற்றி, கண்ணாடித் தட்டில் கருவாக்கி, திரும்பக் கர்ப்பப்பைக்குள் வைப்பார்களாம். "தண்ணி வரேல்லையெண்டா பவுசர் லொறியில கொண்டுவந்து டாங்கியை நிரப்புற மாதிரி" என்றேன். நான் மெடிசின் படித்திருக்க வேண்டியவன் என்று டொக்டரே சொன்னார். வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார்.

தங்கச்சி தினமும் வயிற்றில் ஊசி போட்டா. ஊசிமருந்து ஃப்ரிட்ஜில் மாங்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஊருக்குத் தெரியக்கூடாது என்பது மாமியின் கட்டளை. கருவை உள்ளே வைக்கிற நாளை டொக்டர் "ட்ரான்ஸ்பர்" என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மறுநாள் கடையில் நின்று, "தங்கச்சிக்குத் திங்கட்கிழமை ட்ரான்ஸ்பர்!" என்று சொல்லிவிட்டேன். ஆணி வாங்க நின்றவருடைய மனைவி, தங்கச்சி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் டீச்சர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தானே. பின்னேரமே டீச்சர்மார் உம்முடைய ப்ளாட்டுக்குப் பிரியாவிடை வைக்க வந்துவிட்டார்கள்.

"என்ன டீச்சர், சொல்லாமக் கொள்ளாம வெளிக்கிடுறியள்! எந்த ஊர்?"

தங்கச்சி என்னைப் பார்த்தா. நான் ஃபேனைப் பார்த்தேன். மாமி முந்திக்கொண்டா. "வவுனியாப் பக்கம், பிள்ளையள். கஷ்டப் பிரதேசமாம்."

"அநியாயம்! என்ர சித்தப்பா கல்விக் கந்தோரிலதான் இருக்கிறார். ஒரு கோல் எடுத்தா நிப்பாட்டிப்போடுவார்."

"ஐயோ, நிப்பாட்ட வேண்டாம்!" என்று கத்தினது நான்தான்.

அப்போது அவர்களில் மூத்த டீச்சர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, "விடுங்கோ. பிள்ளைகுட்டி இல்லாத ஆள்தானே, எங்க போனாலும் லேசு" என்றா.

தங்கச்சியின் தலை குனிந்தது. நீர் எழும்பினீர், மச்சான்.

"அவவுக்கு வேலை மாற்றம் இல்லை. ஆஸ்பத்திரியில கரு வைக்கினம், அதுக்குப் பேர்தான் ட்ரான்ஸ்பர். பிள்ளை இல்லாதது என்னால. குறை என்னில. ஊசி குத்துப்படுறது அவ."

"டேய், வாயை மூடு! ஆம்பிளை கதைக்கிற கதையே இது?" என்றா மாமி.

"ஆம்பிளையில குறையெண்டா ஆம்பிளைதான் அம்மா கதைக்க வேணும்."

எல்லாரும் கை தட்டினார்கள் என்று நான் சொல்லித் திரிகிறது பொய். ஒருவரும் தட்டவில்லை. அந்த மூத்த டீச்சர்தான் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சியின் கையைப் பிடித்து, "திங்கட்கிழமை உம்மட வகுப்பை நான் பாக்கிறன்" என்றா.

அன்று வைத்த கரு நிற்கவில்லை. பிறகு வைத்ததும் நிற்கவில்லை. இரண்டு பேருமாக யோசித்து, போதும் என்று நிறுத்தினீர்கள். நான் அழுதபோது, "நாங்கள் ஒளிச்சுச் செய்யேல்லைத்தானே மச்சான்" என்று நீர்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர். அதற்குப் பிறகு என் தங்கச்சியை மலடி என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. போன வருசம் உம்முடைய நெஞ்சு நின்று, நீர் போய்விட்டீர். உடனே நாக்குகள் எழும்பிவிட்டன.

போன கிழமை என் மகனுக்குக் கலியாணம். பொம்பிளை மாப்பிளைக்கு ஆலாத்தி எடுக்கத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். பெரியப்பாவின் மகள் என் கையைப் பிடித்து இழுத்தா.

"அண்ணைக்கு விசரே? புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவவை விடுறதே?"

தங்கச்சி காதில் அது விழுந்தது. பின்னுக்குப் போனா. நான் மைக்கைப் பிடித்தேன். சரி, மைக் இல்லை. எனக்கு எதுக்கு மைக்?

"என்ர மகனுக்கு ஆலாத்தி எடுக்கிறது என்ர தங்கச்சி! பாக்க ஏலாத ஆக்கள் சாப்பிடப் போகலாம், சோறு ரெடி!"

மேளகாரரும் நிறுத்திவிட்டார்கள். சில பேர் சாப்பிடப் போனார்கள், அவர்கள் எப்படியும் போகிற ஆக்கள்தான். தங்கச்சி வந்து தட்டைத் தூக்கினா. பொம்பிளை தானாகவே ஒரு அடி முன்னுக்கு வந்து தலை குனிந்தா. ஆலாத்தி முடிந்து நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, தங்கச்சி என் பக்கம் திரும்பினா. கண் நிறைய தண்ணீர், வாயில் கோபம்.

"இப்பிடிச் சத்தம் போடாதேங்கோ அண்ணா. சனம் பாக்குது."

நிப்பாட்டமாட்டன் என்று சொல்லிவிட்டேன். வாழ்நாளில் நீர் ஒரே ஒருதரம்தான் சத்தமாகக் கதைத்தனீர் மச்சான். மிச்சத்தை ஆர் கதைக்கிறது?